படகுச் சட்டத்தில் பென்சில் தேதி

லப்பைக்குடிக்காடு
8-10-2004, வெள்ளி

அன்பு மகன் அத்னானுக்கு உன் அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் மர்வாவும் சுகம். நீயும் சுகம் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் சொல்கிறாய், அதை மட்டும் நான் இன்னும் வரவு வைக்கவில்லை, காரணம் கீழே வரும். நோன்பு பிறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது. புரட்டாசி மழை பெய்து ஏரியில் பாதிக்குத் தண்ணீர் நிற்கிறது. உன் அம்மாவுக்கு முட்டிவலி குறைந்தபாடில்லை, எண்ணெய் தேய்க்கச் சொன்னால் தேய்த்துவிட்டேன் என்கிறாள், பாட்டில் அப்படியே இருக்கிறது. மர்வா பாலிடெக்னிக் பஸ்ஸைத் தினமும் ஓடித்தான் பிடிக்கிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் போன் கூடத்தில் இருக்கிறது, உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அதோடு நீ போனில் ஒரு பொய் சொல்வதற்கு முன்னால் சிரிக்கிறாய், அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு என்னால் மேலே எதுவும் கேட்க முடிவதில்லை. அதனால்தான் கடிதம். தவ்ஹீத் ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜாவுக்குத் திரும்பிப் புறப்படுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கவரின் ஓரத்தில் பசை தடவி, ஒட்டிய இடத்தின் மேலேயே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கையெழுத்து பிசகியிருந்தால் எனக்குச் சொல்.

ஆகஸ்ட் கடைசியில் தவ்ஹீத் தொழுதூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக நம் வீட்டுக்கு வந்து நீ கொடுத்த பெட்டியை வைத்தான். அத்தாவுக்குப் பொழுது போக ஒரு மரப் படகு, பாதி ஒட்டியிருக்கிறேன், ஓவர்டைம் அதிகம் என்பதால் முடிக்க நேரம் இல்லை, மோட்டார் பேட்டரி ரிமோட் எல்லாம் உள்ளேயே இருக்கிறது, வரைபடத்தைப் பார்த்து மீதியை முடித்துத் தண்ணீரில் விடுங்கள் என்று நீ போனில் சொன்னாய். எனக்கு அப்போதே உறுத்தியது. பத்தொன்பது வருஷம் தம்மாம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளை எண்ணி, கட்டுப் பிரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். பெட்டியில் ஒரு டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டியிருந்தது. எதையோ எடுத்துவிட்டான் என்று தவ்ஹீத்தை நிற்கவைத்துக் கேட்டேன். "எங்கிட்ட குடுக்கும்போதே அப்புடித்தான் மாமா இருந்துச்சு" என்றான். சரி, அத்னான் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "நல்லா இருக்கான் மாமா, நான் போயிட்டு வரேன்" என்று செருப்பைத் தேடினான். உன் அம்மா போட்ட டீ ஆறிப்போனது. ஊருக்கு வந்த பையன் சிநேகிதன் வீட்டில் டீ குடிக்காமல் போனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

பெட்டியைப் பிரித்து வரைபடத்தில் இருந்த பட்டியலோடு ஒவ்வொரு துண்டாகச் சரிபார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு நீளச் சட்டம், அதன் குறுக்கே பதினொரு ப்ளைவுட் சட்டங்கள், பக்கவாட்டில் ஒட்டவேண்டிய மெல்லிய பட்டைகளில் பாதி. அதுவரைக்கும் நீ ஒட்டியிருந்தாய். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் பென்சிலால் தேதியும் கிழமையும் மணியும் எழுதியிருந்தது. 1-8 ஞா 10.20. 2-8 தி 9.45. 4-8 பு 11.10. அந்த இரட்டை ட்யூப் பசை கலந்தால் இறுக ஒரு நாள் ஆகும் என்று வரைபடத்திலேயே போட்டிருக்கிறான், எப்போது ஒட்டினோம் என்று தெரியவேண்டும் என்று நீ எழுதியிருப்பாய். வேறு வீட்டுப் பிள்ளை என்றால் காயட்டும் என்று வைத்துவிட்டு எழுந்து போயிருப்பான். நம் வீட்டில்தான் பல்பு மாட்டினாலும் ஊறுகாய் போட்டாலும் தேதி எழுதாமல் விடுவதில்லை. அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டு, அதைப் படிக்கப்போகிறவன் யார் என்பதை மறந்துவிட்டாய். உனக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு, மற்ற நாள் காலை ஏழரைக்குக் குடோனில் நுழைந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வெளியே வருவாய் என்று நீயே சொல்லியிருக்கிறாய். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரூமில் உட்கார்ந்து படகு ஒட்டுகிறவனுக்கு என்ன ஓவர்டைம் என்று எனக்குப் புரியவில்லை.

உன் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. பதினொரு தேதியையும் காலண்டரில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட வெள்ளிக்கிழமை இல்லை. வேலை போய்விட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு, வேலையை நீயாக விட்டுவிட்டு விளையாட்டுச் சாமானோடு உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நினைத்ததையெல்லாம் எழுத மாட்டேன், அத்தனையும் கெட்ட நினைப்பு. இன்னொன்றும் இடித்தது. கையெழுத்து உன்னுடையதாக இல்லை. உன் எழுத்து குண்டுகுண்டாக நேராக நிற்கும், இதுவோ முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல இடது பக்கம் சாய்ந்து, மேலே பென்சில் கரி தேய்ந்து கிடந்தது. எவனோ ஒட்டியதை வாங்கி நான்தான் ஒட்டினேன் என்று அனுப்பியிருக்கிறாய் என்றுகூட ஒரு நாள் முடிவு கட்டினேன். ஆனால் கிழமையை ஒற்றை எழுத்தில் போடுவது நம் வீட்டு வழக்கம், அதை ஷார்ஜாவில் வேறு எவன் போடுவான். இதற்கு நடுவில் இஃப்பத் வீட்டிலிருந்து அவளுடைய அத்தா இரண்டு தடவை வந்துவிட்டார். பெருநாள் கழித்துப் பேசி முடித்துவிடலாம், மாப்பிள்ளை வேலை நல்லபடியா இருக்கு என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எங்களுக்குப் போதும் என்கிறார். உன் அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள். திறந்து பார்க்காத பெட்டிக்கு நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. மழை விடட்டும், பார்ப்போம் என்றேன். மழைக்கும் கல்யாணப் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று உன் அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

ஆனாலும் படகை நான் விடவில்லை. உள்ளே இன்னும் என்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று பார்ப்பதற்காகவே உட்கார்ந்து வேலை செய்தேன் என்று வைத்துக்கொள். மீதிப் பட்டைகளை ஒட்டி, துணி கிளிப்பால் கவ்வவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே மெல்லிய பலகை மூடி, இரண்டு கை வார்னிஷ் அடித்தேன். மோட்டாரை வைத்துச் சுழல்கம்பியைக் குழாயில் இறக்கி, படகைத் தள்ளுகிற விசிறிக்கு நேராக நிறுத்துவதற்குள் இடுப்பு போய்விட்டது. ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும், ஒரு கை திருகை முடுக்க வேண்டும். மோட்டார் ஒயரைப் பற்றவைக்கப் பெரம்பலூரில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறாரே நம் வீரமுத்து, அவரிடம் எடுத்துப் போனேன். அவர் மோட்டாருக்கு மேலே இருந்த மூடியைத் திறந்து டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பாய், முன்பக்கம் யாருங்க ஒட்டுனது, ஒத்தக் கையால ஒட்டுன மாதிரி இருக்குதுங்க, சட்டமெல்லாம் ஒருபக்கமா முறுக்கிக்கிட்டு நிக்குது" என்றார். சும்மா சொன்னார், அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் அந்தச் சாய்ந்த எழுத்து நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு மிச்சத் துண்டை எடுத்து இடது கையால் 2-8 தி 9.45 என்று எழுதிப் பார்த்தேன். அதே சாய்வு. எழுத எழுதக் கை மேலேயே இழுபட்டு, அதே கரித் தேய்ப்பு. பிறகு படகின் மூடியைத் திறந்து, வெயிலில் சாய்த்து, நீ ஒட்டிய பட்டைகளை உள்பக்கமாகப் பார்த்தேன். பாதிப் பட்டைகளின் நுனியில் சின்னச் சின்னப் பள்ளம், மேலே ஒரு வரிசை, அதற்கு நேர் கீழே ஒரு வரிசை. குறடு கவ்விய தடம் என்றுதான் வெளிப்பக்கத்தில் நான் உப்புத்தாளால் தேய்த்திருந்தேன். அது பல் தடம். பட்டையை வாயில் கவ்விக்கொண்டு ஒரு கையால் பசை தடவியிருக்கிறாய். ஜூன் மாதத்திலிருந்து உன்னிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போன் வசதி வந்ததும் பையனுக்குச் சோம்பல் என்று உன் அம்மாவிடம் நான்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, படகு விடப்போகிறேன் வா என்று தவ்ஹீத்தை ஏரிக்குக் கூட்டிப்போனேன். படகு பிரமாதமாக ஓடியது, அதை ஒத்துக்கொள்கிறேன். ரிமோட்டைத் தொட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நாரையெல்லாம் எழும்பிப் பறக்கிற மாதிரி சீறியது. ஆனால் நேராக ஓடவில்லை, சும்மா விட்டால் வலது பக்கமாக வளைகிறது, சுக்கானை இடது பக்கம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தவ்ஹீத் வாயைத் திறந்துகொண்டு படகைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எல்லாம் தெரிந்தவன் மாதிரி, கைக்கட்டை எப்போதடா அவிழ்த்தார்கள் என்று கேட்டேன். "ஆகஸ்ட்லயே அவுத்துட்டாங்க மாமா, மூணு வெரல்தான் இன்னும் மடங்கல" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சொல்ல வேண்டாமென்று சத்தியம் வாங்கியிருந்தாயாமே, பாவம், அழுதுவிட்டான், அவனைத் திட்டாதே. குடோனில் அடுக்கு சரிந்து வலது கையில் விழுந்தது, ஆபரேஷன் செய்தது, விரலுக்கு நுணுக்கமான வேலை கொடு என்று டாக்டர் சொன்னது, ரூமில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் இந்தப் படகை வாங்கிக் கொடுத்தது, இரண்டு கை வேண்டிய இடம் வந்ததும் உன்னால் முடியாமல் மூலையில் வைத்துவிட்டது, எல்லாவற்றையும் சொன்னான். நான் கேட்டுக்கொண்டிருந்ததில் படகு கோரைப்புல்லில் போய் மாட்டிக்கொண்டது. அவன்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தான்.

அத்னான், ஒரு மாதம் முழுக்க உன்னை என் மனதுக்குள் என்னென்னவோ சொல்லித் திட்டினேன். வலியோடு இருந்த பிள்ளையைத் திட்டியிருக்கிறேன். அத்தாவை மன்னித்துக்கொள். ஆனால் உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நாங்கள் கவலைப்படுவோம் என்று மறைத்தாய், நான் பட்டது கவலையைவிடக் கேடு. இனி நான் சொல்வதைக் கேள். கம்பெனிக்காரன் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதே, இடது கைரேகையும் வைக்காதே. ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக்கூட அவனிடம் கொடுக்காமல் நகல் எடுத்துக் கொடு. நோன்பு வைக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு வை. லீவு கொடுத்தால் பெருநாளுக்கு வந்துவிடு. இஃப்பத் வீட்டில் நான் உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் போகிறேன், அதற்குப் பிறகு அவர்கள் இஷ்டம். உன் அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை, அது நீ சொல்லவேண்டியது.

அல்லாஹ் உனக்குப் பூரண சுகத்தைக் கொடுப்பான், ஐந்து நேரமும் உன் பெயரைச் சொல்லித்தான் கையேந்துகிறேன். மூன்று விரல் என்று தவ்ஹீத் சொன்னான், அந்தக் கணக்கையும் நான் இன்னும் நம்பவில்லை. அதனால் பதில் கடிதம் வேண்டும். வேறு யாரையும் வைத்து எழுதாதே, போனிலும் முடித்துவிடாதே. நான்கு வரி போதும். வலது கையால் முடிந்தால் அந்தக் கையால் எழுது. முடியாவிட்டால் இடது கையாலேயே எழுது, அந்த எழுத்தும் எனக்குப் படிக்கப் பழகிவிட்டது.

இப்படிக்கு,
உன் அத்தா
ஹுமாயூன்