ஆறரை மணிச் சங்கு

சிங்காநல்லூர்
21.7.1996

அன்புத் தம்பி நஞ்சுண்டனுக்கு,

அக்கா பாவாத்தாள் எழுதுவது. நான் சுகம். நீயும் கோமளாவும் கைக்குழந்தை ரித்திகாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான்கு நாளாகச் சாரல், துணி எதுவும் காயவில்லை.

குழந்தைக்கு ஜாதகம் எழுதி அனுப்பச் சொல்லிப் பிறந்த நேரம் குறித்திருந்தாய். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? உங்கள் அமெரிக்காவில் கோடை வந்தால் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள், சாயங்காலம் வெளிச்சம் கூடக் கிடைக்கும், விளக்குச் செலவு மிச்சம், முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காரன் ஆரம்பித்தது என்று இரண்டு பக்கம் பாடம் வேறு. சீக்கிரம் எழுந்து வேலை பார்க்காமல் கடிகாரத்தின் காதைத் திருகுகிறவர்களை என்ன சொல்வது? இங்கே அந்த வம்பே இல்லை. மிச்சம் பிடிக்கக் கரண்டையே நிறுத்திவிடுகிறார்கள்.

உன் கடிதத்தை ஜோசியர் அங்கப்பனிடம் படித்துக் காட்டினேன். நம் ஜாதகங்களை எழுதியவரின் மகன்தான் அவர். “அப்படீன்னா ஒரு மணி நேரத்தைக் கழிச்சுத்தான் கணக்குப் போடோணுமுங்க அம்மணி. சண்டைக் காலத்துல நம்மூர்லயும் இதே கூத்துதானுங்க. நாப்பத்திரண்டுல இருந்து நாப்பத்தஞ்சு வரைக்கும் முள்ளைத் தள்ளித்தான் வெச்சிருந்தாங்க” என்றார்.

நான் பிறந்தது நாற்பத்து மூன்று ஐப்பசியில். அப்பா நேரம் குறித்தது மில்லின் காலை ஆறரை மணிச் சங்கைக் கேட்டு. அதையே கழிக்காமல் ஜாதகத்தில் போட்டுவிட்டார்கள். அம்மா சாகும்வரை, “இவ இருட்டுல பொறந்தவ, லாந்தர் வெளிச்சத்துலதான் மூஞ்சியவே பாத்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறரைக்கு ஏது இருட்டு என்று எல்லோரும் சிரித்தோம், நானும்தான். பெற்றவள் பேச்சைத் தள்ளிவிட்டுச் சங்கை நம்பினோம்.

என்னுடையதையும் கழித்துப் பார்க்கச் சொன்னேன். எட்டில் இருந்த செவ்வாய் ஒன்பதுக்குப் போய்விட்டது. தோஷமே இல்லையாம். “சுத்த ஜாதகமுங்க அம்மணி” என்று அந்த மனுஷன் சந்தோஷமாகச் சொல்கிறார், நஞ்சுண்டா! ஐம்பத்திரண்டு வயதில் நான் இதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? பெண் பார்க்க வந்த பல்லடத்துப் பாலுசாமிக்கு என்னைப் பிடித்துத்தான் இருந்தது. இரண்டு முறை ஆள் விட்டுக்கூடக் கேட்டார். எட்டில் செவ்வாய் என்று அவர் அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டார். பிறகு வந்த பதினொரு இடமும் அப்படியே போயிற்று. அக்கா இருக்க எனக்கென்ன கல்யாணம் என்று நீயும் முப்பத்தெட்டு வயதுவரை நின்றாயே. யாரைத் திட்டுவது? அப்பாவையா, மில்லையா, வெள்ளைக்காரனையா?

இன்னொன்றும் கேள். ரித்திகாவுக்கு அந்த ஒரு மணியைக் கழித்ததும், ஆறில் இருந்த செவ்வாய் ஏழில் வந்து உட்கார்ந்துகொண்டது. தோஷமாம். இதுதான் சரியான கணக்கு என்று ஜோசியர் அடித்துச் சொல்கிறார். எழுதிய ஜாதகத்தை வாங்கிக்கொண்டு வந்து அடுப்பில் போட்டுவிட்டேன். சரியோ தப்போ, நம் வீட்டில் ஒருத்தி பட்டது போதும்.

கோமளாவின் அம்மா ஜாதகம் எங்கே என்று கேட்பார். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாரும் கேட்பார்கள். அத்தைக்காரி பொறுப்பில்லாதவள், தொலைத்துவிட்டாள் என்று சொல். பிறந்த நேரம் கேட்டால், அதுவும் அவளிடம்தான் இருந்தது என்று சொல். வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதே, கண்ணு. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள். என் தங்கம் நூறு வயது நன்றாக இருப்பாள். பழி என்னோடு போகட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
பாவாத்தாள்