ஆன் என்ற கைம்பெண்ணும் அக்கா வீட்டு வெள்ளிச் செம்பும்

5 மே, செவ்வாய்

விடியத்திலிருந்து தூறல். தோய்த்த உடுப்பு காயவில்லை. முன்னறை முழுக்கக் கலியாணப் பெட்டிகள். உட்கார இடமில்லை.

கேரலிடமிருந்து மெயில். என் மகள் ஆரணி கட்டப்போகும் டேனியலின் தாய். விர்ஜீனியாவில் இருக்கிறார். கலியாண மண்டப வாசலில் இரண்டு வீட்டுக் குடும்ப மரத்தையும் பெரிதாக அச்சடித்து வைக்க ஆசையாம். அவருடைய பக்கத்தில் ஒருத்தி மட்டும் பாதியில் காணாமல் போகிறாள். ஆன் ஹோல்டர். முந்நூறு வருசத்துக்கு மேலே, இங்கிலாந்திலிருந்து கப்பலில் போய் விர்ஜீனியாவில் இறங்கிய முதல் தலைமுறை. புருசன் தாமஸ் காய்ச்சலில் செத்ததோடு ஆளைக் காணோம். "நீதான் பழைய கையெழுத்து வாசிப்பாயே, கண்டுபிடித்துத் தா" என்று எழுதியிருக்கிறார்.

வாசிப்பேன்தான். யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதியவள். என் புருசன் செத்துப்போனபிறகு இங்கே இலண்டனில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் மாலை வகுப்புக்குப் போய்ப் பழைய இங்கிலீசு எழுத்தும் பழகினேன்.

அந்த ஊர்க் கோர்ட்டின் பதிவுகள் படமாக இன்டர்நெட்டில் இருக்கின்றன. கோழி கிளறின மாதிரி எழுத்து. ஆனாலும் ஒரு தரம் அகப்பட்டாள். தாமஸின் கைம்பெண் ஆன், கோர்ட்டுக்கு நேரில் வந்து, புருசனின் சொத்தைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். சரி என்றிருக்கிறார்கள். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் கோணலாக ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி.

சொத்து: கட்டில், இரும்புச் சட்டி, மண்வெட்டி, பசு, கொஞ்சம் புகையிலை. பசுவுக்கும் சட்டிக்கும் நடுவில் ஒரு வேலைக்காரன், ஒப்பந்தம் முடிய இன்னும் எவ்வளவு காலம் என்ற குறிப்போடு. மனிசனைச் சட்டியோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள், பாவிகள்.

அதற்குப் பிறகு ஆன் இல்லை.

8 மே, வெள்ளி

வேலையால் வந்து தேத்தண்ணீர் வைத்தேன். குடிக்க விடாமல் போன். வால்தம்ஸ்டோ அண்ணை. என் புருசனின் தமையன். அக்கா என்பது அவர் மனைவி.

"தங்கச்சி, தாரை வார்க்கிறதை நானும் அக்காவும் செய்யிறம். ஐயரோடையும் கதைச்சிட்டன். நீர் நிக்க ஏலாதாம். சோடியாத்தான் நிக்கவேணுமாம். வெள்ளிச் செம்பு எங்கட வீட்டிலை கிடக்கு, நாங்களே கொண்டுவாறம்."

"நான் தாய் அண்ணை."

"ஆர் இல்லையெண்டது? நீர் பின்னுக்கு இரும். சாமான்களைப் பாரும்."

பின்னுக்கு. இவர் படுக்கையில் கிடந்தபோது ஆஸ்பத்திரி, கவுன்சில், ஆரணியின் பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நின்றவள் நான். அப்போது ஒருவருக்கும் சோடி தேவைப்படவில்லை.

இதில் இன்னொன்று. டேனியலின் பக்கம் கேரலும் பில்லும் இருப்பார்களாம். "அவையள் சோடியா இருக்கினம், பிரச்சினையில்லை." பில் கேரலின் இரண்டாவது புருசன். டேனியலின் தகப்பன் செத்துப்போனார்.

"கேரலும் புருசன் செத்தவதான் அண்ணை" என்றேன்.

"அது அவையின்ரை வழக்கம்." போனை வைத்துவிட்டார்.

கோப்பை ஒன்றைப் போட்டு உடைத்தேன். கை தவறி அல்ல.

10 மே, ஞாயிறு

வெயில். ஆரணி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாள். சொன்னேன். "அம்மா, திஸ் இஸ் ரிடிகுலஸ்!" என்று துள்ளி எழும்பினாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது.

"ஆனா பெரியப்பா ஹாலிலை சண்டை பிடிச்சா? டேனியலின்ரை ஆக்கள் எல்லாரும் இருப்பினம். ஜஸ்ட் ஒன் டே அம்மா. ப்ளீஸ்."

ஒரு நாள்தானாம். அண்ணை சொன்னதைவிட இதுதான் குத்தியது. பிள்ளையிடம் காட்டவில்லை. பின்னேரம் கொண்டுபோக இடியப்பம் அவித்துக் கொடுத்தேன். இடியப்ப உரலை இன்றைக்குப் போல ஒருநாளும் அமத்தியதில்லை.

13 மே, புதன்

லீவு. முழுநாளும் ஆன்.

தேடியவை: காணி, வழக்கு, வரி, புதைத்த பதிவு. ஹோல்டர், ஹால்டர், ஓல்டர், எல்லா எழுத்திலும். பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும்வரைக்கும் உள்ள பதிவெல்லாம் பார்த்தாயிற்று. இல்லை. இவளும் காய்ச்சலில் போயிருப்பாள் என்று முடிவுகட்டினேன்.

பின்னேரம் கேரல் வீடியோவில் வந்தார். சொன்னதும் சிரித்தார். "அடுத்த பயிர் வைப்பதற்குள் வேறொருவனைக் கட்டியிருப்பாள். அந்தக் காலத்தில் அங்கே தனியாக எப்படிச் சமாளிப்பது? நீ ஏன் செத்தவன் பெயரிலேயே தேடிக்கொண்டிருக்கிறாய்?"

எனக்கு அது தோன்றவேயில்லை. நொத்தாரிசு கந்தோரில் எத்தனை கைம்பெண்களின் உறுதி எழுதியிருப்பேன். ஒருத்தியின் புருசன் பெயரும் மாறி நான் எழுதியதில்லை. புருசன் செத்தவள் சாகும்வரை அப்படியே இருப்பாள் என்று எனக்குள் கிடந்திருக்கிறது. எத்தனை நாள் இதனால் வீண்.

கேரல் சொன்னபடி தேடினேன். கிடைத்தாள். தாமஸ் செத்தது கோடையில். பனிக்காலம் வருமுன்னே "ரிச்சர்ட், அவன் மனைவி ஆன், முன்பு தாமஸின் கைம்பெண்".

உடனே இந்தக் கொப்பியில் எழுதினேன்: வெட்கம் கெட்டவள், அவனைப் புதைத்த மண் காயவில்லை.

இப்போது அதை வாசிக்கிறேன். இது அண்ணையின் வாய். என் பேனைக்குள் எப்படி வந்தது? வெட்டிவிட்டேன். பக்கத்தைக் கிழிக்கவில்லை, நான் எழுதியது எனக்குத் தெரியவேண்டும்.

18 மே, திங்கள்

தடிமன். மூக்கால் ஓடுகிறது. அன்னாசி மூன்று, மாவிலைக்கு ஆள், மேளகாரருக்குப் பார்க்கிங். ஒன்றும் ஆகவில்லை.

ரிச்சர்டைக் கட்டிய பிறகு ஆன் வாயே திறக்கவில்லை. பசுவை விற்றது ரிச்சர்ட். காணியைக் குத்தகைக்குக் கொடுத்தது ரிச்சர்ட். எல்லா இடமும் "ரிச்சர்ட், தன் மனைவி சார்பில், கூறுகிறான்". தகப்பன் விட்டுப்போனதை இவன் தின்றுவிட்டான் என்று பிள்ளைகள் வழக்கு வைக்கிறார்கள். அப்போதுகூடத் தாய் என்ன சொல்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நேரில் வந்தது, புள்ளடி போட்டது எல்லாம் நடுவில் அந்தச் சில மாதங்கள்தான். கைம்பெண்ணாக இருந்தபோது மட்டும். காட்டுக்குள் இருந்த கோர்ட்டில்கூட அவளை முன்னுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கே இலண்டனில், ஹீட்டர் போட்ட மண்டபத்தில், என்னைப் பின்னுக்கு இருக்கட்டாம்.

ஐயரை நானே போய்க் கேட்கப்போகிறேன்.

19 மே, செவ்வாய்

லூயிஷாம். ரயில் மாறி மாறிப் போய்ச் சேர மத்தியானம். ஐயர் வீட்டு வாசலில் பிள்ளைகளின் சைக்கிள்கள். இளம் ஐயர். கதிரையில் கிடந்த துணிகளை அள்ளிவிட்டு இருக்கச் சொன்னார்.

"நான் ஏன் ஐயா தாரை வார்க்க ஏலாது?"

"ஆரம்மா ஏலாதெண்டது? தாய் தனிய நிண்டு வார்த்த கலியாணங்கள் நான் செய்துவைச்சிருக்கிறன். உங்களுக்கு விருப்பமில்லையாம், நீங்கள் சபையிலை நிக்கக் கூச்சப்படுறியளாம் எண்டெல்லோ உங்கட அண்ணை சொன்னவர்."

எனக்கு விருப்பமில்லையாம். ரிச்சர்ட், தன் மனைவி சார்பில். ரிச்சர்ட் சாகவில்லை, வால்தம்ஸ்டோவில் வீடு வாங்கி இருக்கிறான்.

ஸ்டேசனில் வைத்தே அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"ஐயரிட்டைப் போனனான் அண்ணை. அவர் ஏலாதெண்டு சொல்லேல்லை. நானும் விருப்பமில்லை எண்டு சொல்லேல்லை. நான்தான் வார்ப்பன்."

"சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனீரோ?"

"கதைக்கட்டும். சாப்பாடு போடுறம்தானே, வாய்க்கு வேலை இருக்கும்."

"அப்ப செம்பும் வராது, நாங்களும் வரேல்லை."

"சரி" என்றேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி இரண்டடி தள்ளி நின்றாள். அவ்வளவு சத்தமாகவா கதைத்தேன்?

வீட்டில் ஆரணி. பெரியப்பா ஐயரிடம் என்ன சொல்லியிருக்கிறார் என்றதும் முகம் மாறியது. "சோ ஹீ லைட்." நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்கள் வார்க்காட்டி நான் கை நீட்டமாட்டன் அம்மா."

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அழுதாள். நானும்தான்.

26 மே, செவ்வாய்

குட்மேய்ஸ் கடையில்: வெற்றிலை சொல்லிவைத்தது, கற்பூரம், மஞ்சள், செம்பு. செம்பு பித்தளை, அடி நெளிந்தது. அது ஒன்றுதான் இருந்தது. தண்ணீர் நிற்கும், போதும்.

கலியாணத்துக்கு உடுக்க என்று அக்கா போன மாதம் தந்த சேலை சாம்பல் நிறம். பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும். இவர் எடுத்துத் தந்த அரக்குக் காஞ்சிபுரம் இருக்கிறது. சட்டை மட்டும் கொஞ்சம் இறுக்கம், பிரிக்கக் கொடுத்தாயிற்று.

குடும்ப மரம் நாளைக்கு அச்சுக்கு. ஆனின் பெயருக்குக் கீழே போட கேரல் அனுப்பியது: "தாமஸின் மனைவி, பின்னர் ரிச்சர்டின் மனைவி." நான் அதற்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்: "கோர்ட்டுக்குத் தானே நேரில் வந்து நின்றவள்." கேரல் போனில் அதை இரண்டுதரம் வாசித்தார். அப்படியே போடு என்றார்.

அண்ணை வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

1 ஜூன், திங்கள்

கால் வீங்கிக் கிடக்கிறது. வீடு முழுக்க வாழைப்பழ மணம். நேற்றுக் கலியாணம் முடிந்தது.

வரமாட்டோம் என்றவர்கள் வந்தார்கள். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்பு, கடைசி வரிசையில் போய் இருந்தார்கள். அண்ணை நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னுக்கு.

ஐயர் கூப்பிட, தனியப் போய் மணவறையில் நின்றேன். முன்வரிசையில் யாரோ, "தாய் தனிய நிக்கிறா, அங்கை பாருங்கோ" என்றது நன்றாகக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பித்தளைச் செம்பைக் கையில் எடுத்தேன்.

அக்கா எழும்பி வந்தார். நடு வழியால், எல்லோரும் பார்க்க. அண்ணை கூப்பிட்டதுபோல இருந்தது, அக்கா நிற்கவில்லை. மணவறைக்கு வந்து கைப்பையைத் திறந்து வெள்ளிச் செம்பை எடுத்தார். பித்தளையை என் கையிலிருந்து வாங்கிவிட்டு அதைத் தந்தார்.

"இதிலை ஊத்தும்."

அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அந்தச் சனத்துக்கு முன்னால் அழ எனக்கு விருப்பமில்லை. ஆரணி கையை நீட்டினாள். டேனியலின் கைக்குள் வைத்துத் தண்ணீர் வார்த்தேன்.

அண்ணை சாப்பிட்டார். பாயாசம் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாராம். என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. கோபமாம். இருக்கட்டும், எனக்கும் இன்னும் போகவில்லை.

சற்று முன் அக்கா போனில். "அவர் செம்பு எங்கையெண்டு கேக்கிறார்."

என் குசினிப் பாத்திரத்தட்டில்தான் இருக்கிறது. திருநீறு போட்டு மினுக்கி, கவிழ்த்து வைத்திருக்கிறேன். கொடுப்பேன். நேரில் வந்து கேட்கட்டும்.