கண்ணாடிக்காரர் வீட்டுக்கு அளந்து வந்த சாப்பாடு

என் தங்கமான மகளுக்கு அம்மா எழுதுறது. நானும் உன் அப்பாவும் நல்லா இருக்கோம், போன மாசத்துக்கு இந்த மாசம் ரொம்பவே நல்லா இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம, வேலையில தலைவலி இல்லாம, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு நம்புறேன். இதையெல்லாம் போன்ல சொல்லக்கூடாதான்னு நீ கேப்ப. போன் அடிச்ச உடனே உன் அப்பா பக்கத்துல வந்து நின்னு ஸ்பீக்கர்ல போடுன்னு சொல்லிடுறார், அப்புறம் நான் ஒரு வரி சொன்னா அவர் ரெண்டு வரி திருத்தம் சொல்றார். இந்த விஷயத்துல அவர் திருத்தம் சொல்ல ஆரம்பிச்சா சொல்றதுக்கு விஷயமே மிஞ்சாது. அதனால அவர் கண்ணாடிக் கடைக்குக் கிளம்பினதும் சாப்பாட்டு மேஜையைத் துடைச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். நிதானமா படி, ஆபீஸ்ல வச்சுப் படிக்காத, சிரிச்சா பக்கத்துல இருக்கறவங்க என்ன நினைப்பாங்க.

அப்பாவோட ரத்தப் பரிசோதனையில சர்க்கரை, கொழுப்பு ரெண்டும் எகிறியிருக்குன்னு வந்தது உனக்குத் தெரியும். அன்னிக்கு டாக்டரம்மா அறையில என்ன நடந்ததுன்னு நான் உனக்குச் சொல்லல. டாக்டரம்மா பேப்பரைப் பார்த்தாங்க, அப்புறம் உன் அப்பாவைப் பார்க்கல, நேரா என்னைப் பார்த்தாங்க. வீட்டுச் சாப்பாட்டுல எண்ணெயைக் கொஞ்சம் குறைங்கம்மான்னு மெதுவாத்தான் சொன்னாங்க, ஆனா எனக்கு யாரோ நாலு பேர் நடுவுல நிறுத்தி வச்சுக் கேட்ட மாதிரி இருந்துச்சு. உன் அப்பா சுவர்ல தொங்கின காலண்டரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். உன் அத்தை விஷயம் தெரிஞ்சு ஓடி வந்து, அண்ணிக்கு எண்ணெய் விஷயத்துல கை கொஞ்சம் தாராளம்தான்னு சொன்னா. அவ சொன்னது ஒரு பக்கம் போகட்டும், அடுத்த வாரமே நீ அந்த ஆரோக்கியச் சாப்பாட்டுப் பெட்டிக்குச் சந்தா கட்டி அனுப்பிட்ட. நீ நல்லதுக்குத்தான் செஞ்ச, எனக்குத் தெரியும் கண்ணு. ஆனா பெத்த பொண்ணே என் சமையலுக்கு மாற்று ஏற்பாடு பண்ணிட்டாளேன்னு குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டு ஒரு பாட்டம் அழுதேன். இப்ப அதுக்காக நீ போன் பண்ணி அழாத, அந்த அழுகையெல்லாம் பேக்கரியிலயே கழிஞ்சு போச்சு, எப்படின்னு வரிசையா சொல்றேன்.

முதல் பெட்டி வந்தப்போ அதைத் தூக்கிட்டு வந்த ஆளு உள்ள என்னங்க, மோட்டாரான்னு கேட்டார். பிரிச்சா பாதிக்குப் பாதி ஐஸ் பை. மிச்சப் பாதியில எல்லாமே அளந்து அளந்து பொட்டலம். ஒரு பல் பூண்டு, அதுக்குன்னு தனியா ஒரு பை, பை மேல பூண்டுன்னு எழுத்து. பொம்மைக்குப் பால் கொடுக்கற பாட்டில் மாதிரி ஒண்ணுல ரெண்டு ஸ்பூன் வினிகர். சோறுன்னு போட்டிருக்கேன்னு பிரிச்சுப் பார்த்தா அரிசியே இல்ல, காலிஃபிளவரை அரிசி மாதிரி துருவி வச்சிருக்காங்க. கூடவே ஒரு பளபளா அட்டை, அதுல வேர்வையே வராத ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே கிளறுறா. முதல் வரியே, கைகளை நன்றாகக் கழுவவும். இத்தனை வருஷமா இந்த வீட்டுல சமைச்சவளுக்குக் கையைக் கழுவுன்னு ஒரு அட்டை சொல்லுது பாரு. கழுவினேன். அட்டை சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சு தட்டுல வச்சேன், படத்துல இருக்கற மாதிரியேதான் வந்துச்சு, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா யானைப் பசிக்குச் சோளப்பொரி. நான் சாப்பிட்டு முடிச்சுட்டு, சரி சாப்பாடு எங்கன்னு நானே அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

உன் அப்பா மட்டும் ஒரு குறையும் சொல்லல. சோத்துல ஒரு கை குறைஞ்சாலே வீட்டுக்குப் பஞ்சம் வந்த மாதிரி பேசற மனுஷன், அந்தக் காலிஃபிளவரைச் சாப்பிட்டுட்டு, வயிறு லேசா இருக்கு, என் பொண்ணு புத்திசாலின்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டார். எனக்கு அன்னிக்கே சந்தேகம் வந்திருக்கணும். வாரம் போகப் போக நான் இளைச்சேன். ஜாக்கெட் எல்லாம் தோள்ல நிக்காம நழுவ ஆரம்பிச்சது, தெருமுனைத் துணிக்கடைக்காரம்மா என்னங்க உடம்பு சரியில்லையான்னு விசாரிச்சாங்க. உன் அப்பாவோட பேன்ட் பட்டன் மட்டும் ஒரு நாள் காலையில தெறிச்சு ஃபிரிட்ஜ் அடியில போய் விழுந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே பெட்டி, ஒரே தட்டு, ஒரே பூண்டு. அடுத்த தடவை போனப்போ டாக்டரம்மா எடை பார்க்கிற மெஷின்ல அவரை ஏத்தினாங்க, இறக்கினாங்க, மறுபடி ஏத்தினாங்க. அம்மா, உங்களுக்கு நல்லா பலன் தெரியுது, சாருக்குத்தான் ஏன்னு புரியலன்னு சொன்னாங்க. சிலருக்கு உடம்பு வாகு அப்படி டாக்டர், தண்ணி குடிச்சாலும் ஏறும்னு உன் அப்பா கொஞ்சம்கூடக் கூசாம சொன்னார். டாக்டரம்மா முகம் மாறிடுச்சு. அப்படின்னா வேற ஏதாவது இருக்கான்னு பார்த்துடலாம், பெரிய ஆஸ்பத்திரியில போய் இந்த டெஸ்ட் எல்லாம் எடுத்துடுங்கன்னு ஒரு நீளமான சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. எனக்கு வீட்டுக்கு வந்து எந்தச் சாமான் எங்க இருக்குன்னுகூடத் தெரியல. அந்த வாரம் நீ போன் பண்ணினப்போ எல்லாம் நான் தலைவலி தலைவலின்னு சொன்னது அதுக்குத்தான். உன்னை அவ்வளவு தூரத்துல வச்சுக்கிட்டு இதைச் சொல்லி என்ன பண்றதுன்னு விட்டுட்டேன்.

டெஸ்டுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் உன் அப்பா கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டுக் கடைக்குப் போயிட்டார். ஊர்ல பாதிப் பேர் மூக்குல கண்ணாடி மாட்டி விட்டவர், தன் கண்ணாடியை வாஷ்பேசின்ல வச்சுட்டுப் போறார். சரி, பாவம், உடம்புக்கு முடியாத மனுஷன், தடுமாறுவாரேன்னு நானே எடுத்துக்கிட்டுப் போனேன். கடைக் கதவுல இதோ வருகிறேன் பலகை தொங்குது. உள்ள எழுத்துப் படிக்கிற போர்டுக்கு மட்டும் விளக்கு எரியுது. எங்கயாவது மயங்கி விழுந்துட்டாரோன்னு பயந்து பக்கத்துப் பேக்கரியில கேக்கலாம்னு போனேன். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்ததும் வாய் நிறைய அண்ணி வாங்க வாங்கன்னு கூப்பிட்டார். சாரைத் தேடித்தானே வந்தீங்க, உள்ள அவர் மேஜையிலதான் இருக்கார், இன்னிக்கு கிரீம் பன் கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அதான் காத்துக்கிட்டு இருக்கார்னு சொன்னார். அவர் மேஜைன்னு சொன்னார் பாரு, அதை நீ கவனிக்கணும்.

மாவு மூட்டைக்குப் பின்னாடி ஒரு சின்ன மேஜை. அதுல உன் அப்பா. முன்னாடி ஒரு தட்டு, அதுல ஒரு பன் முடிஞ்சு இன்னொண்ணு பாதியில இருக்கு, மீசையில கிரீம். நான் நேர் எதிர்ல போய் நின்னேன். கண்ணாடி இல்லையா, அவருக்கு ஆள் அடையாளம் தெரியல. கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு ரொம்ப மரியாதையா, வாங்கம்மா, கண்ணு டெஸ்டா, ஒரு அஞ்சு நிமிஷம் உட்காருங்க, இதோ வந்து கடையைத் திறந்துடுறேன்னு சொல்றார். கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்றார். கையில இருந்த கண்ணாடியைப் பிரிச்சு அவர் மூக்குல மாட்டி விட்டேன். அப்ப அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்கணும், பன்னை எங்க ஒளிச்சு வைக்கறதுன்னு தெரியாம மடியில வச்சுக்கிட்டார்.

பேக்கரிக்காரர் வேற விவரம் தெரியாம, சார்தான் அண்ணி எங்க முதல் கஸ்டமர், கடை திறந்த நாள்ல இருந்து ஒரு நாள் தவறினதில்ல, இப்ப கொஞ்ச நாளா ராத்திரிச் சாப்பாடு பத்தலைன்னு சாயங்காலமும் வர்றார்னு பெருமையா அடுக்கிக்கிட்டே போறார். உன் அப்பா அவருக்குக் கண்ணைக் காட்டறார், இவர் கண்ணுல ஏதோ விழுந்துடுச்சுன்னு நினைச்சு அவர் தண்ணி கொண்டு வர்றார். எனக்குக் கோபம் வரும்னுதானே நினைக்கிற. சத்தியமா வரல. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவருக்கு வேற ஒரு நோயும் இல்ல! பன்னுதான்! என் கையும் இல்ல, என் எண்ணெயும் இல்ல! நெஞ்சுல வச்சிருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துக் கீழ போட்ட மாதிரி இருந்துச்சு. அங்கயே எதிர் நாற்காலியில உட்கார்ந்து, எனக்கும் ஒண்ணு கொடுங்கன்னு சொல்லி ஒரு பன் சாப்பிட்டேன், கிரீம் கொஞ்சம் அதிகம்தான், ஆனா நல்லா இருந்துச்சு, சும்மா சொல்லக்கூடாது. சாப்பிட்டு முடிச்சுக் கையைத் துடைச்சுட்டு அங்கயே உன் அத்தைக்குப் போன் போட்டேன். உங்க அண்ணனுக்கு யார் கை தாராளம்னு நேர்ல வந்து பார்த்துட்டுப் போங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ கொஞ்ச நாள் வீட்டுப் பக்கமே வரல.

வழியில வரும்போதுதான் அவர்கிட்டக் கேட்டேன். டாக்டரம்மா என்னைச் சொன்னப்போ நீங்க காலண்டரைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களே, ஏங்க ஒரு வார்த்தை சொல்லலன்னு. மீசையில மிச்சம் இருந்த கிரீமைத் துடைச்சார். நீ குழாயைத் திறந்து விட்டு அழுதது எனக்குக் கேட்டுச்சு, பன்னை நிறுத்திட்டு அப்புறம் உன்கிட்டச் சொல்லிடலாம்னு இருந்தேன், பன்னு நிக்கலன்னு சொன்னார். நான் அப்ப மன்னிச்சேன்னு அவர்கிட்டச் சொல்லல, உன்கிட்ட மட்டும் சொல்றேன். மறுநாளே டாக்டரம்மா முன்னாடி அவர் வாயாலயே சொல்ல வச்சேன். அவங்க அந்த நீளமான சீட்டை வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டு, என்னைப் பார்த்து, மன்னிச்சுக்குங்கம்மான்னு சொன்னாங்க. நல்ல பொண்ணு.

தண்டனைன்னு ஒண்ணு வேண்டாமா. இனிமே பெட்டி வந்தா அதைப் பிரிக்கிறதும் சமைக்கிறதும் உங்க வேலை, நான் நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அட்டையைக் கையில எடுத்தவர் எழுத்து சின்னதா இருக்குன்னு கடையில இருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டு வந்தார். மிதமான தீ அப்படின்னா எது, யாருக்கு மிதம்னு கேக்கறார். பொன்னிறமாகும் வரைன்னு போட்டிருக்கு, வெங்காயத்தைக் கரண்டியில எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல லென்ஸ் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், அவர் பார்த்து முடிக்கிறதுக்குள்ள சட்டியில இருந்ததெல்லாம் கரிநிறமாயிடுச்சு. கேரட்டை ஸ்கேல் வச்சு நறுக்கினார், பொய் சொல்லல. முதல் நாள் மீன் வெளியில கரி, உள்ள பச்சை. ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல்ங்கிற மாதிரி அடுப்பு சாய்வா இருக்குன்னு சொல்லி அடுப்புக்கு அடியில அட்டையை மடிச்சு வச்சார். புகை கண்டதும் கத்துமே அந்த அலாரம், அது கத்தி எதிர் வீட்டுக்காரர் வாளியோட வந்து நின்னார். நான் எழுந்திரிக்கல. எழுந்திரிக்காம இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குப் புரியாது, கால் ரெண்டும் தானா எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்க்குது, நான்தான் இழுத்துப் பிடிச்சு வச்சிருந்தேன்.

ஆனா மனுஷன் விடல. இப்போ நல்லாவே வந்துடுச்சு. வத்தல் மாதிரி சுருங்காம காய் வேக வைக்கிறார், சூப்பு பொங்காம பார்த்துக்கிறார். போன வாரம் எடுத்த ரத்தத்துல சர்க்கரை இறங்கியிருக்கு, புதுசா பேன்ட் எதுவும் வாங்க வேண்டியதில்ல. பேக்கரிக்குப் போறதை நிறுத்தல, சர்க்கரை போடாத டீ ஒண்ணு குடிச்சுட்டு வந்துடுறார், நான் அனுமதிச்சதுதான். இப்ப பேக்கரிக்காரர்தான் இளைச்சுப் போயிட்டார்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். போன வியாழக்கிழமை சாயங்காலம் நான் மேஜையில உட்கார்ந்து சலவைக்குப் போட வேண்டிய துணியைப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன். உன் அப்பா தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு ஒரு கரண்டியில பூசணி சூப்பை எடுத்து ஊதி ஆற வச்சு என் வாய்கிட்ட நீட்டி, உப்பு போதுமான்னு கேட்டார். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து நானே உங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு இருக்கற கேள்வி இது, என்கிட்ட ஒருத்தர் கேக்கறது இதுதான் முதல் தடவை. தொண்டை அடைச்சுக்கிச்சு. உன் அப்பா பயந்து போய், சூப்புல என்னடி அடைக்கும், அதுல முள்ளுகூட இல்லையேன்னு முதுகுல ஓங்கித் தட்டினார், இன்னும் வலிக்குது. உப்பு கொஞ்சம் குறைச்சல்தான். போதும்னு சொன்னேன்.

அதனால சந்தாவை நிறுத்திடவான்னு நீ கேட்டு அனுப்பியிருந்தியே, நிறுத்தாத. காலிஃபிளவர் சோறு மட்டும் வேண்டாம்னு அவங்ககிட்டச் சொல்லிடு, அது யாருக்கும் ஆகாது. மத்த நாள் நான் சமைக்கிறேன், எண்ணெய் என் அளவுக்குத்தான். நீ காலையில நின்னுக்கிட்டே சாப்பிடறதா மாப்பிள்ளை சொன்னார், ஒரு நாற்காலி அஞ்சு நிமிஷத்துல தேய்ஞ்சு போயிடாது, உட்கார்ந்து சாப்பிடு. மாப்பிள்ளையோட கண்ணு பவர் மாறியிருக்குன்னு சொன்னாரே, புதுச் சீட்டை அப்பாவுக்கு அனுப்பச் சொல்லு, அங்க எங்கயும் போய்ப் போட்டுக்க வேண்டாம், இவருக்கு மனசு கஷ்டப்படும். நீங்க ரெண்டு பேரும் நிறைஞ்ச வயிறும் நிறைஞ்ச மனசுமா நூறு வருஷம் நல்லா இருக்கணும். கதவுல சாவி போடற சத்தம் கேக்குது, முடிச்சுக்கறேன். பேக்கரி விஷயம் உனக்குத் தெரியும்னு அப்பாகிட்டக் காட்டிக்காத, அவர் தானா சொல்ற வரைக்கும் அவர் உடம்பு வாகு அப்படித்தான்.

இப்போதைக்கு நாற்காலியில் இருக்கும்,
உன் அம்மா