பதினொன்றாவது புகார்

அன்புள்ள மகளுக்கு,

மூன்று வருடமாக வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். அம்மா நலம். நானும் நலம் என்றுதான் மருத்துவர் சொல்கிறார், அவர் சொல்வதை நான் நம்புவதில்லை என்பது வேறு விஷயம். நீ நலமாக இருப்பது, நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா சமையலறையில் சிரிக்கிற சிரிப்பிலிருந்து எனக்குத் தெரிந்துவிடுகிறது. கதவுப் பக்கத்தில் நான் நிற்பது உனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம், உன் தொடரைப் பார்த்த பிறகுதான் அதுவும் உனக்குத் தெரியும் என்று புரிந்தது.

உன் கார்ட்டூன் தொடரை இந்த ஜென்மத்தில் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். முதல் பகுதி வந்த அன்று செய்தித்தாளை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அதே அறையில் உட்கார்ந்திருந்தேன், செய்தித்தாள் படிக்க வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது. அடுக்குமாடியில் ஒரு குடும்பம், அப்பாவுக்கு லிஃப்ட் பரிசோதிக்கிற வேலை, பாத்திரம் தேய்க்கிற பிரஷ் மாதிரிப் புருவம், எதைப் பார்த்தாலும் குற்றம். அதுவரை யாரோ என்று இருந்தேன். அந்த ஆள் லிஃப்ட் தரையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான் பார், செய்தித்தாள் நழுவிவிட்டது. பை நிறையக் கருவிகள் இருக்க, கடைசியில் டம்ளர் தண்ணீரை வைத்துப் பார்த்து, ஒரு சொட்டு சிந்தினாலும் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிற கிறுக்கன் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவன்தான். அம்மா டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இந்த மனுஷனை எங்கேயோ பார்த்திருக்கேனே என்றாள். எனக்கு அவ்வளவு தொப்பை கிடையாது என்றேன். தொப்பையைப் பத்தி யாரு பேசினா, நீங்களா ஏன் வந்து மாட்டிக்கிறீங்க என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் அந்தப் பகுதியில் லிஃப்ட் மேலே போகும்போது அதன் எதிர் எடையும் கூடவே மேலே போயிற்று. அது கீழே அல்லவா இறங்க வேண்டும்? ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், அதற்காகத்தானே அதை மாட்டுகிறார்கள்? ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் அலுவலகம் போகிற வழியில் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம் போட்டேன். கையெழுத்து இல்லை, "அக்கறையுள்ள பார்வையாளர்" என்றுகூட எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்க்கிறேன், எதிர் எடை ஒழுங்காக இறங்குகிறது! நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அப்புறம் விடுவேனா. டம்ளரைத் தளும்பத் தளும்ப நிரப்பக் கூடாது, ஒரு விரல் குறைய வேண்டும் என்று எழுதினேன், குறைந்தது. சான்றிதழைக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்ட வேண்டும் என்று எழுதினேன், மாட்டினார்கள். பரவாயில்லையே, பார்வையாளர் சொல்லைக் கேட்கிற நிறுவனம் ஒன்று நாட்டில் இருக்கிறது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். நிறுவனமா திருத்துது, உங்க எழுத்தைக் கவரைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து அவதான் மறுபடி வரையறா, எல்லாத்தையும் அவ மேஜைக்கு மேல ஒட்டி வெச்சிருக்காளாம் என்றாள். ஒரு பரிசோதகனுக்கு இது எவ்வளவு பெரிய மானக்கேடு. அதற்காகக் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய்.

பன்னிரண்டு பகுதிக்கு இதுவரை பத்துக் கடிதம், கடைசிப் பகுதிக்கானது இது. ஐந்தாவது பகுதிக்கு மட்டும் வரவில்லையே, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று நீ கேட்டதாக அம்மா சொன்னாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. அதில் மகள் நல்ல வேலையை விட்டுவிட்டுப் படம் வரையப் போகிறேன் என்கிறாள், அப்பன் பொம்மை போடறதுக்கா இவ்வளவு படிக்க வெச்சேன், இனிமே எனக்குப் போன் பண்ணாதே என்கிறான். எழுந்து போய் டிவியை அணைத்தேன். அணைச்சா மட்டும் சொல்லாததா ஆயிடுமா என்றாள் அம்மா. அன்று மேஜையில் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல் கூடப் பிழையில்லை. நான் சொன்னது அப்படியேதான் இருந்தது. பிழை இருந்தது உன் வசனத்தில் இல்லை என்பதால் புகார் எழுத இடமில்லாமல் போயிற்று. இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது, நீ புரிந்துகொள்.

ஏழாவது பகுதிக்காக உனக்கு எதை வேண்டுமானாலும் மன்னிக்கலாம். எங்கள் அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழாமலே கட்டுக் கட்டாகச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறாரே, நாங்கள் நாற்காலியார் என்போமே, நேரில் பார்க்காத லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னதற்காக எனக்கு வரவேண்டிய பதவி உயர்வை வாங்கிக்கொண்டாரே, அவர் ஜாடையில் ஒருவரைத் தானே கையெழுத்துப் போட்ட லிஃப்டில் நான்கு மணி நேரம் மாட்டிவைத்தாய். உதவிக்கு மணி அடிக்கிறார், எடுப்பது நம் ஆள், பதறாமல் எந்த மாடி என்று கேட்கிறான். பதினொரு வருட வயிற்றெரிச்சல் அரை மணி நேரத்தில் ஆறியது. மறுநாள் அலுவலகத்தில் எல்லாரும் கோப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்குகிறார்கள், நாற்காலியார் மட்டும் யாரப்பா அந்த முட்டாள் அதிகாரி, நல்லா வேணும் அவனுக்கு என்றார். உன் மாமாவும் மாறிவிட்டார். பொம்மை போட்டா சோறு கிடைக்குமா என்று கேட்டவர், இப்போது எம் மருமக எழுதினதாக்கும் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறார். அவர் முதலில் சொன்னதைத் தேதியோடு நினைவு வைத்திருக்கிறேன், தக்க சமயத்தில் எடுப்பேன். போன வாரம் ஒரு குடியிருப்பில் டம்ளரைத் தரையில் வைத்தேன், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் நாலைந்து பேர் பார்த்துவிட்டு, டேய், டம்ளர் அப்பா நிஜமாவே இருக்காருடா என்று கத்த, மாடி மாடியாகக் கதவு திறந்தது. நோட்டில் கையெழுத்து கேட்டார்கள். லிஃப்டைப் பார்த்து முடித்த பிறகுதான் போட்டேன், அதில் மட்டும் தளர்வு கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைசிப் பகுதியில் மகள் போன் செய்கிறாள், மணி அடிக்கிறது, அப்பன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், அப்படியே முடித்துவிட்டாய். அந்த ஆள் எடுப்பாரா மாட்டாரான்னு எனக்கே தெரியலைம்மா, கூட எழுதறவங்க எல்லாம் எடுக்கவே வேண்டாம், அதுதான் சிரிப்புங்கறாங்க, அடுத்த பாகத்துக்கு மாசக் கடைசிக்குள்ள முடிவு பண்ணணும் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. என்னிடம் கேட்கச் சொல்லவில்லை என்றும் சொன்னாயாம். கேட்காமலே சொல்கிறேன். கூட எழுதுகிறவர்களுக்கு அவனைத் தெரியாது. அவன் எடுப்பான். நாலாவது மணியில் எடுப்பான், முதல் மணியில் எடுத்தால் பக்கத்திலேயே நின்றிருந்தது தெரிந்துவிடும். எடுத்ததும் அவனை அழ வைக்காதே, மன்னிப்புக் கேட்க வைக்காதே, பின்னணியில் வயலின் வைத்தாயோ அதற்குத் தனிப் புகார் வரும். எந்த மாடியில இருக்கே என்று மட்டும் கேட்கட்டும். மாட்டிக்கொண்டவர்கள் மணி அடித்தால் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஏன், எப்படி, யார் தப்பு என்றெல்லாம் அப்போது கேட்கக் கூடாது. மாடி தெரிந்தால் போதும், மிச்சத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் போன் பக்கத்தில்தான் செய்தித்தாள் படிப்பேன். அம்மா அந்த நேரத்தில் வேண்டுமென்றே கடைக்குப் போகப்போகிறாளாம். இன்னொன்று, நீ அம்மாவுக்கு அனுப்பிய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், உனக்குப் பின்னால் தெரியும் லிஃப்டின் சான்றிதழ் போன வருடத்தோடு முடிந்துவிட்டது. மாற்றும்வரை படியில் ஏறு. நீ நினைத்ததை எல்லாம் வரைந்து, வரைந்ததற்கெல்லாம் ஊர் சிரித்து, நன்றாக இரு.

கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். போன பத்தும் கையெழுத்து இல்லாமலே உன் மேஜைக்கு வந்து சேர்ந்தன, இதுவும் வரும். தவிர, நேரில் பார்க்காத எதற்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை, உன்னைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. ஆகவே இதையும் அப்படியே தபாலில் சேர்க்கிறேன். வரும்போது கையோடு எடுத்து வா. போட்டுத் தருகிறேன்.