அண்ணா என்று கூப்பிட்டால் போதுமா, அண்ணி?

அன்புள்ள அண்ணி,

போன வருஷம் உங்கள் திவசத்துக்கு வைத்த வாழைக்காய் வறுவலில் உப்பு இல்லை என்று அண்ணன் குறைபட்டுக்கொண்டார். இந்த வருஷம் உப்பு இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. யாரும் சாப்பிடவில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்லாமல் எனக்கு நெஞ்சு ஆறாது.

உங்கள் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. அவள் பேரை எழுத மாட்டேன், படிக்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இதை வெளியே எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "என்னை மாதிரி யாராவது படிப்பாங்கல்ல அத்தை, எழுதுங்க" என்றாள்.

படையல் முடிந்ததும் வழக்கம்போல் உங்கள் படத்துக்கு முன் எங்களை நிற்க வைத்து அண்ணன் போனை எடுத்தார். அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. "அம்மா படத்துக்கு முன்னாடி நிக்கக்கூட உனக்கு என்னடி வெட்கம்?" என்று கத்திக்கொண்டே போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"போட்டோ வேணாம் அத்தை. அவர்கிட்ட போயிடும்" என்றாள். எவர்கிட்ட என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

வீடியோ கேம் விளையாடுவதை லைவில் காட்டுகிறவன் ஒருவன். சின்னப் பிள்ளைகள்தான் அவனுக்கு ரசிகர்கள். நம் பெண் அவன் முகத்தை வரைந்து அனுப்பினாள். அவன் லைவில் அவள் பேரைச் சொல்லி நன்றி சொன்னான். அன்று வீடெல்லாம் குதித்தாள். நீங்கள் போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை, அண்ணி. நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்தோம்.

அப்புறம் தனியாகப் பேச ஆரம்பித்தான். எங்களுக்குத் தெரியாமல் இல்லை, அதுதான் கொடுமை. "யார்கூடடி பேசுற?" என்று கேட்டால், "கேம் அண்ணா கூட" என்பாள். அண்ணா என்கிறாளே, நமக்கு வேறென்ன வேண்டும்? ஆட்டோக்காரர் அண்ணா, பால்காரர் அண்ணா, கண்டக்டர் அண்ணா. அந்தச் சொல் காதில் விழுந்தால் நம் வீடுகளில் பயம் போய்விடுகிறது. "தங்கச்சி சாப்டியான்னு கேக்குறான், நல்ல பையன்" என்று அண்ணனே ஒருநாள் சொன்னார்.

அம்மா இல்லாத பிள்ளை என்று அவளே அவனிடம் சொல்லியிருக்கிறாள். "உனக்கு நான் இருக்கேன்" என்றானாம். பிறகு, நாம் பேசுவதை யாரிடமும் சொல்லாதே என்றான். பிறகு அனுப்பக் கூடாத போட்டோ கேட்டான். மாட்டேன் என்றாள். பள்ளி ஆண்டுவிழாவில் எடுத்ததென்று அவள் முன்பு அனுப்பிய படம் அவனிடம் இருந்தது. அந்த முகத்தை வேறு படத்தில் ஒட்டி ஊரெல்லாம் பரப்புவேன், ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக வா என்று மிரட்டியிருக்கிறான். அந்த ஞாயிறு வருவதற்குள் திவசம் வந்தது. வராமல் இருந்திருந்தால்? அதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் அவள் போனைத் தரையில் அடிக்கப் போனார். பிடுங்கிக்கொண்டேன். "உடைச்சுட்டா அவன் பேசுனதுக்கு என்ன சாட்சி?"

"வெளில தெரிஞ்சா பொண்ணு பேரு என்னாகும்? சிம்மை மாத்திட்டு விட்டுடுவோம்."

"அவ பேரு ஏன் கெடணும்? அவ என்ன தப்பு பண்ணா?"

அவள் கதவோரம் நின்று அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கும் பயம். அண்ணன் உங்கள் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வாம்மா, போலீஸ் ஸ்டேஷன் போயிட்டு வந்துடுவோம்" என்றார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோ காவிரிப் பாலத்தில் போகும்போது, ஹெல்மெட் போட்ட ஒவ்வொருவனும் அவனோ என்று தோன்றியது. மகளிர் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா நிதானமாகக் கேட்டார்: "அந்த ஆள் உனக்கு யாரும்மா?"

பழக்கத்தில் அண்ணா என்று வந்துவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரும் இல்ல மேடம்" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

விசாரிக்கிறார்கள். இன்னும் அவன் பிடிபடவில்லை. நேற்று அவன் லைவைப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காததுபோல் விளையாடுகிறான். ஓரத்தில் அண்ணா, அண்ணா என்று பிள்ளைகள் எழுதுவது ஓடிக்கொண்டே இருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளைகளோ? அந்த அண்ணா யாரென்று அவர்கள் வீட்டில் யாராவது கேட்பார்களா? இங்கே போன் அடித்தாலே எங்கள் மூவருக்கும் தூக்கிவாரிப் போடுகிறது.

"அம்மா இருந்தா திட்டியிருப்பாங்களா அத்தை?" என்று கேட்டாள். கட்டிப் பிடித்திருப்பாங்க என்றேன். சரியாகத்தான் சொன்னேனா, அண்ணி?

வாயாடி என்று பேர் எடுத்தவள் நான். இந்த வாயை இனி மூட மாட்டேன். தெருவில் வீடு வீடாகப் போய் சொல்வேன், பள்ளிக்கூட வாசலில் நிற்கிற அம்மாக்களிடம் சொல்வேன். அடுத்த திவசத்தில் அவள் உங்கள் படத்துக்கு முன் நிற்பாளா, தெரியாது. ஓடினால் கத்த மாட்டேன். கொல்லைப்பக்கம் போய், அந்தக் கல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்கிறவரை காத்திருப்பேன்.

பேர் போட முடியாத
உங்கள் நாத்தனார்,
அவளுக்கு நிஜமாகவே அத்தை