வெனேராவுக்கு ஓர் அறை

தூரின்
ஏப்ரல் 3

அன்புள்ள லிபோரியோ,

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாளே என்று முகத்தைத் தூக்காதே. போனில் உன்னோடு பேசினால் நான் ‘ம்’ கொட்டுவதோடு சரி. தாளில்தான் எனக்கும் பேச ஒரு முறை வருகிறது.

ஜூன் கடைசியில், பள்ளி விட்டதும், மூன்று வாரம் ஊருக்கு வருகிறேன். தங்குவதற்கு ஓர் இடம் பார்த்துச் சொல். மருந்துக்கடையில் நிற்கிறவன் நீ. கலாவெர்தேயில் எந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும், எதில் வெறும் காற்று வரும் என்று உனக்குத் தெரியாததா?

நம்முடையதைப் போன்ற கடற்கரை ஊர்களின் தண்ணீரைச் சுற்றுலா வந்து போகிறவர்கள் எப்படிக் குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள் என்று இந்த வருடம் வகுப்பில் பாடம் நடத்தினேன். நடத்திவிட்டு நானே அப்படி வந்து நின்றால் பிள்ளைகள் சும்மா விடாது. அதனால் விமானம் இல்லை, ரயில். கார் இல்லை, ரொட்டிக்கடை, கோயில், கடல் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். வெந்நீர் வெயிலில் காய்ந்ததாக இருக்கட்டும். ஏசி வேண்டாம். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். படிக்கட்டில் கைப்பிடியும் நல்ல வெளிச்சமும் அவசியம்.

எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று சிரிக்காதே.

வெனேரா

*

கலாவெர்தே
ஏப்ரல் 12

என் அன்பு வெனேரா,

இங்கே நான் நலம். கடலும் நலம். மேயர்தான் நலமில்லை, மூலத்துக்குக் களிம்பு வாங்கிப் போனார். யாரிடமும் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். நானும் கட்டுப்பாடாகத்தான் இருக்கிறேன், உன்னையும் சேர்த்து ஒன்பது பேருக்கு மேல் தெரியாது.

சிரிக்காதே என்றாய், முடியவில்லை. உன் எழுத்து பேருந்தின் நெற்றிப் பலகை மாதிரி இருக்கிறது. தபால்காரர் முகவரியைத் தெருமுனையிலிருந்தே படித்துவிட்டாராம், கிட்டே வந்தது வெறும் மரியாதைக்கு என்கிறார்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் கடல் முனை மேட்டிலே புதிதாகக் கட்டியிருக்கும் விடுதி. வாசலில் பச்சை இலை பொறித்த பலகை. துண்டைத் தினமும் துவைக்க மாட்டோம், கடலைக் காப்போம் என்று அறைக்கு அறை அட்டை வைத்திருக்கிறார்கள். படித்து மனம் கசிந்து ஜன்னலைத் திறந்தேன். கீழே ஒரு புல்வெளி, பசேலென்று. அதன் நடுவில் தண்ணீர் லாரி நின்று ஊற்றிக்கொண்டிருக்கிறது. நம் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை வந்திருக்க வேண்டிய லாரி, வெனேரா. இறங்கிப் போய் ஓட்டுநரைக் கேட்டேன். அவன் பீடி மாதிரி எதையோ சுருட்டிக்கொண்டே, “புல்லு காஞ்சா அவங்க பணத்தைத் திருப்பிக் கேப்பாங்கண்ணே. நீங்க காஞ்சா யாரு கேக்கப்போறா?” என்றான். நியாயமான பேச்சு. அதோடு அந்த மேட்டுக்கு நடந்து ஏறினால் நுரையீரலைப் பாதி வழியில் கழற்றி வைக்க வேண்டியிருக்கும். அது வேண்டாம்.

இரண்டாவது, செம்படவர் சந்து. மீன் வறுக்கிற புகையில் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோமே, அதே சந்துதான். இப்போது கதவுக்குக் கதவு ஒரு சின்ன இரும்புப் பெட்டி தொங்குகிறது. எண்ணை அமுக்கினால் சாவி விழும். வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் எல்லாம் வடக்கே மிலானில். தட்டினேன், தட்டினேன், திறக்க ஆளில்லை. குளிர்காலம் முழுக்க அந்தச் சந்தில் ஒரு விளக்கு எரியவில்லையாம். திரும்பும்போது ஒரு பெட்டிக்கு ‘மாலை வணக்கம்’ சொல்லிவிட்டு வந்தேன். பழக்கதோஷம்.

மூன்றாவது, ரொட்டிக்கடை நின்ஃபாவின் மாடி அறை. கீழே அடுப்பு, மேலே வெயில், நடுவில் நீ. மூன்று வாரத்தில் நன்றாக உப்பி, மேலோடு மொறுமொறுவென்று ஊருக்குத் திரும்புவாய்.

தேடிக்கொண்டிருக்கிறேன், கவலைப்படாதே.

உன் லிபோரியோ

பி.கு.: கைப்பிடி வேண்டுமாம், வெளிச்சம் வேண்டுமாம். பாறையில் ஆடு மாதிரி ஏறுகிறவள் நீ! வடக்கே போனதும் சீமாட்டி ஆகிவிட்டாய்.

*

தூரின்
ஏப்ரல் 21

அன்புள்ள லிபோரியோ,

லாரி ஓட்டுநர் சொன்னதை ஆசிரியர் அறையில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு ஜோடி ஜோடியாகக் காப்பி குடிக்கப் போனார்கள். ஐந்து வருடமாகியும் எனக்கு இங்கே எந்த ஜோடியும் அமையவில்லை.

கடற்கரைக்குப் பின்னால் கன்னியர் மடம் இருக்கிறதே, அங்கே விருந்தினர் அறை உண்டென்று கேள்விப்பட்டேன். மொட்டைமாடியில் வெயில் வெந்நீர்த் தொட்டியும் இருக்கிறதாம். அதை ஏன் நீ எழுதவில்லை?

என் காரை விற்றுவிட்டேன். போன வாரம் மறுபடி கண் டாக்டரிடம் போய்வந்தேன். சொட்டு மருந்து தொடரச் சொல்கிறார். மற்றதை நேரில் பேசலாம்.

ரயிலையே கப்பலில் ஏற்றி ஜலசந்தியைக் கடத்துவார்களே, அந்த நேரத்தில் மேல்தளத்தில் நிற்க வேண்டும் என்று இப்போதே ஆசையாக இருக்கிறது.

வெனேரா

*

கலாவெர்தே
மே 2

என் அன்பு வெனேரா,

நான் நலம், கடல் நலம். மேயர் உட்கார ஆரம்பித்துவிட்டார். நீ காரை விற்றது நல்ல செய்தி; பூமி பிழைத்தது, தூரின் நகரத்துச் சுவர்களும் பிழைத்தன.

மடத்தைப் பற்றிக் கேட்டாய். எழுதக்கூடாதென்று இல்லை, உன்மேல் இரக்கப்பட்டு எழுதாமல் விட்டேன். விடியற்காலை ஐந்துக்கு மணி அடிப்பார்கள். தினமும் கஞ்சிதான், அதிலும் உப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும். இருட்டுவதற்குள் வாசலைச் சாத்திவிடுவார்கள். சிஸ்டர் கொலெத்தா உன்னை மண்டியிட வைத்துவிட்டுத்தான் தூங்கப் போவார். நாத்திக அறிவியல் டீச்சருக்கு அது சரிப்படாது.

இதற்கிடையில் ஊரில் ஒரு கூத்து. ஐம்பது தாண்டிய ஆண்பிள்ளை அறை அறையாக ஏறிப் பார்த்தால் நம்மூரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நின்ஃபா ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே, “யாருக்குன்னு நான் கேக்கல, லிபோரியோ. ஒத்தக் கட்டிலா ரெட்டக் கட்டிலான்னு மட்டும் சொல்லு” என்றாள். கடையில் பங்குச் சாமியார் நிற்கிறார். மானம் போகிறதே என்று, என் மனைவிக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் விடுவாளா? “பொண்டாட்டிக்கு எதுக்குய்யா வாடக ரூமு? உன் வீடு என்ன கடலுக்குள்ள போயிருச்சா?”

சிரித்து வைத்தேன். சாயங்காலத்துக்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது: வெனேரா வீட்டுக்கே திரும்பி வருகிறாள், அறை பார்ப்பதெல்லாம் லிபோரியோவின் வழக்கமான வேடிக்கை. தச்சர் வந்து பால்கனிக் கதவைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். மீன்காரர், நீ வருகிற அன்றைக்கு நல்ல வாள்மீன் எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது வரும் என்று நீ நம்ப மாட்டாய்.

மாலையில் ஊரே உலாவுகிற பெரிய தெருவில் நடக்க நான் இறங்குவதில்லை. யார் பக்கத்தில் யார் நடக்கிறார்கள் என்பதுதானே நம்மூர்ச் செய்தித்தாள். தனியாக நடப்பவனைப் பார்த்தால் எல்லாரும் ஒரு நொடி தலையைச் சாய்க்கிறார்கள், வலிக்கிற பல்லைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. நாற்காலியைப் பால்கனியில் போட்டு மேலிருந்தே மொத்த ஊரையும் நடக்கவிட்டுப் பார்க்கிறேன்.

ஐந்தாவதாகவும் ஓர் இடம் பார்த்திருக்கிறேன். பெரிய தெருவில், மூன்றாம் மாடி. எல்லாம் நடக்கிற தூரம். நடக்கச் சோம்பலாக இருந்தால் கூடையைக் கயிற்றில் இறக்கினால் ரொட்டி ஏறி வரும். ஏசி என்றைக்குமே இருந்ததில்லை. மாடியில் வெயில் வெந்நீர்த் தொட்டி, புத்தம் புதிது, ஈஸ்டர் முடிந்து வைத்தது. படிக்கட்டுக் கைப்பிடிக்குச் சாயம் பூசியாகிவிட்டது. வீட்டுக்காரர் அதே வீட்டில்தான் குடியிருக்கிறார், வேறெங்கும் அவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே குறை, ஆள் அதிகம் பேசுவார். காதுக்குப் பஞ்சு இலவசம், மருந்துக்கடையில் வேலை.

யோசித்து எழுது.

உன் லிபோரியோ

*

தூரின்
மே 14

லிபோரியோ,

நின்ஃபா போன் செய்தாள். வீடு திரும்புவதற்கு வாழ்த்துச் சொன்னாள். சந்தோஷத்தில் அழுதாள் பாவம். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. நீ மறுத்திருக்கலாம். இப்போது நான் மடத்தில் தங்கினால் உன்னை ஊர் முன்னால் அவமானப்படுத்தினவள் ஆகிறேன். தங்காவிட்டால் உன் சிரிப்புக்கு நான் தலையாட்டினவள்.

ஐந்தாவது இடம் எனக்குத் தெரியும். நான் கேட்டதெல்லாம் அங்கே இருக்கிறது. வெந்நீர்த் தொட்டியைப் பற்றிப் படித்தபோது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். இங்கே வேலைக்கு வந்த மூன்று வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்திருக்கலாம், ஏன் வரவில்லை என்று ஊரே கேட்டது. நீ மட்டும் கேட்கவில்லை. அந்த வீட்டில் நான் சிரிக்காத நாள் இல்லை, லிபோரியோ. எப்படி இருக்கிறாய் என்று நீ கேட்ட நாளும் இல்லை.

என் வலக் கண் போய்விட்டது. கண் அழுத்தம். ஜனவரியில் அறுவை சிகிச்சை செய்தார்கள், பார்வை திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் செய்தேன். அன்றைக்கு நீ சாமியாரின் கழுதைக் கதையைச் சொன்னாய். நல்ல கதை. சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். இடக் கண்ணைச் சொட்டு மருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு காலத்துக்கு என்று டாக்டரும் சொல்லவில்லை.

எழுத்து பெரிதானது, கார் விற்றது, கைப்பிடி கேட்டது எல்லாவற்றையும் ஒன்றொன்றாக உன் முன்னால் வைத்துப் பார்த்தேன். அதே சொட்டு மருந்தைத் தினமும் யாருக்காவது எடுத்துக் கொடுக்கிறவன் நீ.

தண்ணீர், பூமி, வகுப்புப் பிள்ளைகள், எதுவும் பொய்யில்லை. ஆனால் முதல் காரணம் இதுதான்: ஒரு கண்ணாவது இருக்கும்போதே, யார் கையையும் பிடிக்காமல் என் ஊரில் நடக்க வேண்டும்.

மடத்தில் சொல்லிவிடு. ஊரிடமும் நீயே சொல். முடியாதென்றால் நான் வரவில்லை.

வெனேரா

*

கலாவெர்தே
மே 23

வெனேரா,

நானும் பெரிதாக எழுதியிருக்கிறேன். வரி வளைந்திருந்தால் பொறுத்துக்கொள், இந்த அளவு எழுத்து எனக்குப் பழக்கமில்லை.

மடத்தில் சொல்லியாகிவிட்டது. கீழ்த்தள அறை, எலுமிச்சை மரத்துப் பக்கம். படியே ஏற வேண்டாம். ஐந்து மணி மணியோசை என்று எழுதினேன், அடிப்பது ஏழுக்கு. கஞ்சியில் உப்பு இருக்கிறது, மீனும் இருக்கிறது, சாப்பிட்டுப் பார்த்தேன். வாசலைப் பத்து வரைக்கும் திறந்து வைப்பதாக சிஸ்டர் கொலெத்தா சொன்னார். நான் உன்னைப் பயமுறுத்தி எழுதியதையும் அவரிடம் சொன்னேன். “மண்டி போட வேண்டியது அவங்க இல்ல” என்றார்.

பிறகு ரொட்டிக்கடைக்குப் போய், கூட்டம் இருக்கும்போதே, அவ மடத்துல தங்குறா, வீட்டுக்கு வரல, நான்தான் சொல்லாம இருந்துட்டேன் என்று சொன்னேன். நின்ஃபா ரொட்டியை எடுத்து என் கையில் வைத்தாள், என் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள். கண்ணைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அது உன்னுடையது. மேயர் விஷயத்தில் என் நாணயம் உனக்குத் தெரியும். இதில் வேறு மாதிரி இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை, வலக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மடத்திலிருந்து பெரிய தெரு வழியாகக் கடல் வரைக்கும் நடந்து பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். வழக்கம்போல் ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்தார்கள். “என்ன லிபோரியோ, ஒத்தக்கண்ணுக் கடல் கொள்ளக்காரன் ஆயிட்டியா, கப்பல் எங்க?” என்று பெஞ்சிலிருந்து கத்தினார்கள். நான் விளக்கவில்லை. நீரூற்றுக்குப் பக்கத்தில் படி இருப்பதே தெரியவில்லை, விழுந்தேன். கைதட்டினார்கள். எழுந்து மறுபடி பொத்திக்கொண்டு நடந்தேன். வங்கி மூலையில் வலப்பக்கம் ஒரு கல்தூண் இருக்கிறது, அது இடிக்கிற வரைக்கும் அங்கே இருக்காது. காப்பிக்கடை நாற்காலிகளும் அப்படித்தான். கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிக் கடல்தான் இருந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன், கையை எடுக்காமல்.

மறுநாள் கைப்பிடிக்கு வாங்கிய சாயத்தில் மீதி இருந்ததைக் கொண்டுபோய் அந்த நீரூற்றுப் படிகளின் விளிம்பில் வெள்ளைக் கோடு போட்டேன். நகராட்சிக்காரன் வந்து யாரைக் கேட்டுப் போட்டாய் என்றான். மேயரைக் கேள் என்றேன். மேயர் கோடு இருக்கட்டும் என்றுவிட்டார். அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு களிம்பு இருக்கிறது.

நீ யார் கையையும் பிடிக்காமல் நடப்பாய். நான் பிடிக்க வர மாட்டேன். மாலையில் நான் பால்கனியில்தான் இருப்பேன். கூட்டம் அதிகமாகி, வலப்பக்கம் ஓர் ஆள் நடந்தால் தேவலை என்று என்றைக்காவது தோன்றினால், கீழே ஒரு கணம் நின்று நிமிர்ந்து பார். இறங்கி வருகிறேன். வலப்பக்கமாக, கொஞ்சம் தள்ளி, வாயை மூடிக்கொண்டு நடக்கிறேன். நீ பார்க்காமல் போனால் அதுவும் சரி. கூடையை இறக்கி ரொட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். ஊர் என்ன எழுதுமோ எழுதட்டும்.

வழக்கமாகக் கடிதத்தின் தலையில் என் நலத்தையும் கடலின் நலத்தையும் எழுதுவேன். இந்த முறை எழுதவில்லை. அந்த இடத்தில் வேறொன்று வர வேண்டும் என்று வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. இப்போது அடிப்பக்கத்தில், இடம் தீர்கிற நேரத்தில் வருகிறது. எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். அதற்குப் பிறகு முறை உன்னுடையது.

எப்படி இருக்கிறாய், வெனேரா?

லிபோரியோ