புதன்கிழமைப் போத்தல்

இன்று காலை அலுமாரியைத் திறந்தபோது மண்ணெண்ணெய் மணத்தது. உள்ளே உம்முடைய பழைய மண்ணெண்ணெய்ப் போத்தல். நீர் போன பிறகு உம்முடைய மனுசி என்னிடம் தந்தது. அடியில் கொஞ்சம் தண்ணி மருந்து இன்னும் கிடக்கிறது. வேளைக்கு எவ்வளவு என்று காட்ட ஓரம் வெட்டி ஒட்டிய கடதாசியும் அப்படியே. ஒரு போத்தலை ஒழுங்காய்க் கழுவத் தெரியாத மனிதர், நாட்டுக்கெல்லாம் இலவச வைத்தியம் வேண்டும் என்று என்னோடு வாதாடினீர்.

எங்கள் குடியேற்றத்துக்கு, நோய் பார்த்து மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி புதன்கிழமை மட்டும் துணுக்காயிலிருந்து வருவார். கூட்டுறவுச் சங்கக்கடை விறாந்தையில் மேசை போடுவார்கள். வருத்தக்காரர் பாதி, சுகமாய் இருப்பவர் பாதி, எல்லார் கையிலும் வெறும் போத்தல்.

"பாத்தீரோ," என்றேன். "சும்மா குடுத்தா இதுதான் நடக்கும். வருத்தமில்லாதவனும் நிரப்பிக்கொண்டு போறான். எந்த அரசாங்கம் தாங்கும்?"

நீர் சுருட்டை அணைத்தீர். "ஓவசியர், வியாழக்கிழமை காய்ச்சல் வந்தா அவன் ஆரிட்டைப் போறது? நாளைக்கும் ஆள் இருக்கும் எண்டு தெரிஞ்சா ஏன் இண்டைக்கு நிரப்புறான்?"

"காசு?"

"மலேரியாவுக்கு மருந்து அடிக்கேக்கை வீடு வீடாய்க் காசு கேட்டவங்களோ?"

"நுளம்பு போத்தலோடை வரிசையிலை நிக்கிறேல்லை."

விறாந்தையே சிரித்தது. நீரும்தான். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஓவசியராய் வாய்க்கால் வேலை பார்க்கப் போகிற இடமெல்லாம் பின்னால் வந்து கதைத்தீர். எத்தனை ஆள், எவ்வளவு மருந்து, எங்கேயிருந்து பணம், ஒரு மதிப்பீடு போட்டுத் தாரும் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். "அது உம்மடை வேலை" என்பீர். எரிச்சல்தான் வரும்.

பிறகு உமக்கு அந்த வயிற்றுக்குத்து. வெள்ளிக்கிழமை லொறி பிடித்துக்கொண்டு வந்து உம்முடைய வாசலில் நின்றேன். நீர் பாயில் சுருண்டு கிடந்தபடி போத்தலைக் காட்டினீர். "இது இருக்குது. புதன்கிழமை அவர் வருவார்."

உம்முடைய மனுசி அழுதா. "தம்பி, நீங்களாவது சொல்லுங்கோ."

சொன்னேன். கத்தினேன். அது இருமலுக்குத் தந்த மருந்து, வயிற்றுக்கு என்ன செய்யும் என்று கேட்டேன். வவுனியா ஆஸ்பத்திரியிலும் காசு கேட்கமாட்டார்கள் என்றேன். "அவசரப்படுறீர், ஓவசியர்."

அடுத்த நாள் உம்மைக் கேட்காமலே தூக்கி லொறியில் ஏற்றினோம். ஓமந்தை தாண்ட முதல் உம்முடைய மூச்சு நின்றுவிட்டது. ஒரு நாள் முந்தியிருந்தால் வயிற்றை வெட்டிக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் வவுனியா டொக்டர். உம்மைத் திட்டுவதா, புதனுக்குப் புதன் என்று ஒழுங்கு வைத்தவர்களைத் திட்டுவதா? நான் இரண்டும் செய்கிறேன்.

போன கிழமை நிரந்தர அப்போதிக்கரி கேட்டு ஒரு பெரிய உத்தியோகத்தரிடம் போனோம். "இலவசம் எண்டா சனம் சும்மாவும் வருமே," என்றார். என்னுடைய கதை, என்னுடைய குரல் மாதிரியே. யோசிக்க முதல் உம்முடைய பதில் என் வாயிலிருந்து வந்துவிட்டது. "நாளைக்கும் ஆள் இருக்கும் எண்டு தெரிஞ்சா ஏன் இண்டைக்கு வருகுது?"

அவர் பேனையை வைத்தார். "சரி. காசு?"

மதிப்பீட்டை நீட்டினேன். கட்டிடம், ஆள், மருந்து, எல்லாம் போட்டிருந்தேன். பணம் வருகிற வழிக்கு விட்ட இடம் மட்டும் வெறுமை. அதை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

அதற்குத்தான் இன்று அலுமாரியில் கடதாசி தேடினேன். இப்போது போத்தல் மேசையில் என் முன்னால் நிற்கிறது. வாதத்தைத் தொடக்கி, அதில் என்னையும் வென்று, பணம் எங்கேயிருந்து என்கிற கஷ்டமான வரியை மட்டும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்.